மேற்குத் தொடர்ச்சி மலையில் வழி தவறினால்: தண்ணீர் தேடுவதும் இரவைக் கழிப்பதும்

காட்டில் மாட்டிக்கொண்டால் எப்படி உயிர் பிழைப்பது என்று சொல்லும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் பாலைவனத்தையோ கனடாவின் பனிக்காட்டையோ மனதில் வைத்து எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்துவிட்டு நம் மலைக்குப் போனால் பாதி அறிவுரை பயன்படாது, சில அறிவுரைகள் ஆளையே கொல்லும். அந்த ஊர்க் காடுகளில் யானை இல்லை. இங்கே உண்டு. அங்கே ஓடையோரம் கூடாரம் போடச் சொல்வார்கள். இங்கே ஓடையோரம்தான் இருட்டிய பிறகு இருக்கக் கூடாத இடம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தையே ஒரே காடாக நினைக்க முடியாது. அடிவாரத்தில் உசிலையும் வேலமும் நிற்கும் வறண்ட முட்காடு. அதே மலையில் 2000 மீட்டருக்கு மேல் புல்வெளியும் சோலையும், டிசம்பர், ஜனவரியில் உறைபனியும். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். தேனியில் 35 டிகிரி வெயில் அடிக்கும் மதியத்தில் மேலே 24 டிகிரிதான் இருக்கும், இரவில் 10 டிகிரிக்கும் கீழே போகலாம். ஒரே நாள் நடையில் இந்த இரண்டு உலகத்தையும் தாண்டிவிடுகிறோம். அதனால் எந்த உயரத்தில் நிற்கிறீர்கள், எந்த மாதம் என்பதை வைத்துத்தான் தண்ணீரையும் தங்குமிடத்தையும் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் காட்டில் தண்ணீர் இருக்கிற இடம் வேறு, படுக்கிற இடம் வேறு. தண்ணீரைக் கண்டதும் அதன் பக்கத்திலேயே சாய்ந்துவிடத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் பாதி வேலை.

முதலில் உட்காருங்கள்

வழி தவறிவிட்டது என்று மனதில் பட்ட அந்த நிமிடமே நடையை நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்" என்று போவதில்தான் தூரம் கூடுகிறது. நிழலில் உட்கார்ந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கைப்பேசியை எடுங்கள். 112-ஐ அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் அந்த இடத்தில் இருந்தால் அவசர அழைப்பு போக வாய்ப்பு உண்டு. குரல் போகாத இடத்தில் குறுஞ்செய்தி போவதும் உண்டு. இணையம் இல்லாமலே ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடச் செயலியைத் திறந்து நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து, எத்தனை பேர், யாருக்கு அடி, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதையும் சேர்த்து ஒரே செய்தியில் அனுப்புங்கள். அப்புறம் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, மணிக்கு ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

அனுமதி வாங்காமல் காப்புக்காட்டுக்குள் போனவர்கள், அபராதம் போடுவார்களே, வழக்கு வருமே என்று பயந்து அழைக்காமல் இருந்துவிடுவது உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அபராதத்தைக் கட்டிவிடலாம். தேடி வரும் வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பளியர், முதுவர், காடர், இருளர், காணிக்காரர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு சீக்கிரம் உங்களைக் கண்டுபிடிப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே அந்தத் தகவல் போக வேண்டும், அவ்வளவுதான்.

தகவல் போய்விட்டதென்றால் அந்த இடத்தைவிட்டு அதிகம் நகராதீர்கள். "ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும்" என்று ஓர் அறிவுரை உண்டு. சமவெளியில் அது சரி. நம் மலையில் ஓடை பாறைச் சரிவில் வழுக்கிக்கொண்டு போய்த் திடீரென்று அருவியாகக் கொட்டும். இறங்கிய வழியில் ஏறவும் முடியாது. தவறான பக்கத்து ஓடையைப் பிடித்தால் கேரளத்துப் பக்கம் இன்னும் அடர்ந்த காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஓடையின் உள்ளே இறங்காமல், பக்கத்து மேட்டை ஒட்டி, திரும்பி ஏற முடிகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

இடம் மாறுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு: காட்டுத் தீ, பக்கத்தில் யானை, மேலே மழை, சொட்டுத் தண்ணீரும் இல்லாத வறண்ட காடு. ஜீப் பாதையோ தேயிலைத் தோட்டமோ மின்கம்பமோ கண்ணுக்குத் தெரிந்து, அங்கே போகும் வழியும் தெரிந்தால் தாராளமாகப் போகலாம்.

எது முதலில்?

குளிரில் நனைந்தபடி கிடந்தால் சில மணி நேரத்தில் ஆபத்து. தண்ணீர் இல்லாமல் ஏறக்குறைய மூன்று நாள் தாங்கலாம், கடும் வெயிலில் நடந்தால் அதற்கும் மிகவும் குறைவு. சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் இருக்கலாம். அதனால் சாப்பாட்டைப் பற்றி மறந்துவிடுங்கள். காட்டுப் பழம், கிழங்கு, காளான் எதையும் தொடாதீர்கள். தண்ணீர் போதாதபோது பையில் இருக்கும் மிக்சர், சிப்ஸையும் தின்னாதீர்கள், உப்பு தாகத்தைக் கூட்டும்.

மேல்மலையில் இருந்தாலோ, மழைக்காலமாக இருந்தாலோ, மணி மூன்றைத் தாண்டியிருந்தாலோ தங்குமிடம்தான் முதல் வேலை. சூரியன் மறைய ஆறு, ஆறரை ஆகும் என்று கணக்குப் போடாதீர்கள். பள்ளத்தாக்கில் மலை நிழல் விழுந்து ஐந்து மணிக்கே மங்கிவிடும். இடம் தேடவும் இலை சேர்க்கவும் கூரை போடவும் இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

கோடையில், அடிவாரத்து வறண்ட காட்டில், காலை பத்து மணிக்கு வழி தவறினால் கதை வேறு. அங்கே முதலில் நிழல், அடுத்தது தண்ணீர். உச்சி வெயிலில் மேடேறினால் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வியர்வையாகப் போகலாம். நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டரில் சமாளிக்கலாம். எனவே பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை அசையாதீர்கள். சட்டையைக் கழற்றாதீர்கள், முழுக்கைச் சட்டை வியர்வை காய்வதைத் தாமதப்படுத்தும். கையில் இருக்கும் தண்ணீரை முடிவு வரை சேமிக்கிறேன் என்று வறண்டு கிடக்கவும் வேண்டாம். தாகம் எடுத்தால் குடியுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது வியர்வையைத்தான். சிறுநீர் கடும் மஞ்சளானால் உடம்பு வறள்கிறது. ஒருவர் குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாமல் நடந்துகொண்டாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெயில் தாக்கம். அவரை நிழலில் கிடத்தித் துணியை நனைத்து உடம்பு முழுக்கப் போர்த்தி விசிறுங்கள். அந்த நேரத்தில் இருக்கிற தண்ணீரை உடம்பைக் குளிரவைக்கச் செலவழிப்பதுதான் சரி.

படுக்கக் கூடாத இடங்கள்

நல்ல இடத்தைத் தேடுவதைவிடக் கெட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவது எளிது.

ஓடைக்குள்ளும் ஓடைக் கரையிலும் படுக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், மேலே எங்கோ கொட்டிய மழை காட்டாற்று வெள்ளமாக வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். காய்ந்து கிடக்கும் மணல் ஓடை படுப்பதற்குச் சுகமாக, சமமாக இருக்கும். ஆனால் இரு கரைகளிலும் செடிகளில் எந்த உயரத்தில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளம் வந்துபோன மட்டம் அதுதான்.

தண்ணீர்க் கரையை அந்தியிலும் விடியலிலும் விலங்குகள் எடுத்துக்கொள்ளும். யானை, காட்டுமாடு, கரடி, சிறுத்தை எல்லாமே அங்கே வரும். குறைந்தது 100 மீட்டர் தள்ளியும், கொஞ்சம் மேடாகவும் இருங்கள். விலங்குத் தடத்திலும் படுக்காதீர்கள். காட்டுக்குள் சுத்தமாக, அகலமாக, நல்ல சரிவில் ஒரு பாதை போகிறதென்றால் அது பெரும்பாலும் யானைத் தடம். மனிதன் போட்ட பாதைபோலவே இருக்கும், லத்தியையும் மரத்தில் உரசிய சேற்றையும் பார்த்தால் தெரிந்துவிடும். லத்தி ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் சத்தம் போடாமல் வேறு பக்கம் விலகிவிடுங்கள்.

மூங்கில் புதர் யானைக்குப் பிடித்த இடம். புற்று உள்ள இடத்தில் பாம்பு இருக்கலாம். பாறைப் பொந்தும் குகையும் பார்க்க ஆசையாக இருக்கும், உள்ளே கரடி இருக்கக்கூடும். வெளியே தொங்கும் பாறைக் கூரைக்குக் கீழே, வெளிச்சம் முழுவதும் விழுகிற அளவுக்கு ஆழம் குறைந்த இடமாக இருந்தால் நல்லது. ஆனால் தலையைத் தூக்கி மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கூடு இருந்தால் அதன் கீழே புகை போடாதீர்கள், டார்ச்சும் அடிக்காதீர்கள்.

மலை முகட்டிலும் தனி மரத்தடியிலும் இடி விழும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியில் காற்று அடித்தால் கிளை விழும். பிப்ரவரியிலிருந்து மே வரை உயரமான காய்ந்த புல்லுக்குள் தங்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றம் போன குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஏறி ஓட முடியாது. தீயைக் கண்டால் அதற்கு மேலே ஏறாதீர்கள். பக்கவாட்டில் விலகிப் பாறைத் திட்டுக்கோ ஓடைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிய நிலத்துக்கோ போய்விடுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தித் துணி மட்டும் உடம்பில் இருக்கட்டும். முகட்டை ஒட்டிப் புல்லைச் செதுக்கி வைத்த தீத்தடுப்புக் கோடு கண்ணில் பட்டால் அது பெரிய அதிர்ஷ்டம். எரிய ஒன்றும் இல்லாத பட்டை அது, கோடையில் தீக்காவலர்கள் அதன் வழியே நடப்பார்கள்.

இத்தனையும் தள்ளிய பிறகு மிஞ்சுவது: லேசான மேடு, மலைச்சரிவின் நடுப்பகுதி, காற்றுக்கு மறைவு, நிற்கும் பச்சை மரங்கள், பக்கத்தில் ஒரு பெரிய பாறை. பாறை பின்சுவராகவும் இருக்கும், பகலில் வாங்கிய சூட்டை முன்னிரவில் கொஞ்சம் திருப்பியும் தரும்.

கூரையும் படுக்கையும்

பலரும் கூரையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் குளிர் கீழேயிருந்துதான் அதிகம் ஏறும். ஈரத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் மழை இல்லாத இரவில் முதலில் படுக்கையைச் செய்யுங்கள், கூரை அப்புறம்.

தரையைக் குச்சியால் கிளறித் தேள், பூரான், எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். கைவிரல் தடிமன் குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் காய்ந்த சருகை ஒரு முழ உயரத்துக்குக் குவியுங்கள். படுத்ததும் அது பாதியாக அமுங்கும், அதனால்தான் அவ்வளவு. சருகை அள்ளும்போது வெறுங்கையை விடாமல் குச்சியால் தள்ளி உதறிச் சேருங்கள். மழைக்காலச் சோலையில் சருகு ஈரமாகவும் அட்டையோடும் இருக்கும். அங்கே பாறைத் திட்டின் மேல், முதுகுப்பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தே இரவைக் கழிப்பது மேல்.

கூரைக்கு, ஓர் ஆள் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான உறுதியான கழியை எடுத்து ஒரு முனையை இடுப்பளவு உயரத்தில் மரக் கவட்டையில் வையுங்கள். மறு முனை தரையில். இரண்டு பக்கமும் குச்சிகளைச் சாய்த்து அடுக்குங்கள். சரிவு செங்குத்தாக இருக்க இருக்க மழை வழிந்து ஓடும், தட்டையாக இருந்தால் ஒழுகும். கட்டுவதற்குக் காட்டுக் கொடி, ஷூ லேஸ், துப்பட்டா எதுவானாலும் சரி. கீற்று வேய்கிற மாதிரியே இலையைக் கீழ் வரிசையில் தொடங்கி மேலே மேலே அடுக்குங்கள். மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் விழ வேண்டும். தேக்கு இலை கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். மேல்மலையில் பெரணியும் நீளப் புல்லும் கிடைக்கும். உள்ளே படுக்க மட்டும் இடம் இருந்தால் போதும். பெரிதாகக் கட்டினால் உங்கள் உடம்புச் சூடு அதை நிரப்பாது.

தென்மேற்குப் பருவத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து. வாசலை அதற்கு முதுகு காட்டி வையுங்கள். மலை மடிப்புகளில் காற்று திசை மாறிச் சுழலும் என்பதால் ஒரு பிடி காய்ந்த புல்லைத் தூவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இலை பறிக்கும்போது சில செடிகளைத் தெரிந்து ஒதுக்க வேண்டும். காஞ்சொறி பட்டால் நெருப்பாக எரியும். பூனைக்காலிக் காயின் சுணை காற்றில் பறந்து வந்தாலே அரிப்பெடுக்கும். சேங்கொட்டை மரத்தின் சாறு தோலைப் பொத்துவிடும். பால் வடியும் எதையும் தொடாதீர்கள்.

பையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையோ மெல்லிய தார்ப்பாயோ இருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சம். அதனால்தான் ஒரு நாள் நடைக்குக்கூட நான் அதை எடுத்துப் போகச் சொல்வேன். நனைந்த உடையைக் கழற்றிப் பிழிந்து போடுங்கள். சட்டைக்கும் உடம்புக்கும் நடுவே காய்ந்த சருகோ செய்தித்தாளோ திணித்தால் நல்ல கதகதப்பு கிடைக்கும். கூட்டமாக இருந்தால் ஒருவரை ஒருவர் ஒட்டி உட்காருங்கள். குழந்தையோ வயதானவரோ அடிபட்டவரோ இருந்தால் நடுவில் இருக்கட்டும்.

தண்ணீர்: வறண்ட காட்டில்

தண்ணீர் தேடக் காலை வெயிலுக்கு முன்னும் நாலு மணிக்குப் பிறகும் மட்டும் போங்கள். தங்குமிடத்திலிருந்து போகும் வழியெல்லாம் கிளையை முறித்தோ கல்லைக் குவித்தோ அடையாளம் வைத்துக்கொண்டே போங்கள்.

மேட்டிலிருந்து பார்த்தால் காய்ந்த காட்டுக்கு நடுவே பச்சைக் கோடு ஒன்று நெளிந்து போவது தெரியும். ஓடை அங்கேதான். நீர்மருது, நாவல், அத்தி, புங்கன் மரங்கள் வரிசையாக நின்றால் மேலே காய்ந்திருந்தாலும் கீழே ஈரம் இருக்கும். வெளிறி வழுவழுப்பான நீர்மருதின் அடிமரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். கோரையும் நாணலும் நின்றால் ஈரம் இன்னும் மேலே இருக்கிறது.

மணல் ஓடையில் ஊற்றுத் தோண்டுவது நம் ஊர்ப் பெண்கள் வைகையிலும் பாலாற்றிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. ஓடை வளையும் இடத்தில் வெளி வளைவின் அடியைத் தேர்ந்தெடுங்கள், தண்ணீர் அங்கேதான் ஆழமாக அரித்திருக்கும். பெரிய பாறையின் கீழ்ப்பக்கமும், ஓடை முன்பு அருவியாக விழுந்த பள்ளமும் நல்ல இடங்கள். கை முழுக்க உள்ளே போகும் அளவு தோண்டுங்கள். மணல் ஈரமாகி உருட்டினால் உருண்டை பிடித்தால் இன்னும் தோண்டலாம். இரண்டு மூன்றடியிலும் பொடியாகவே உதிர்ந்தால் விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள், வியர்வைதான் வீணாகும். முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்து விட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால் அடுத்து தெளிவாக ஊறும். யானையும் வறட்சியில் இப்படித்தான் ஓடை மணலைத் தோண்டிக் குடிக்கும். யானை தோண்டிய குழி கண்ணில் பட்டால் தண்ணீர் நிச்சயம், யானை திரும்பி வருவதும் நிச்சயம். வேகமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பாறை மலைகளில் சுனை இருக்கும். சித்தர் குகை, மலைக்கோயில் என்று மக்கள் ஏறிப்போகும் இடங்களில் பெரும்பாலும் ஒரு சுனையும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெறும் பாறை முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கசிவில் துணியை ஒட்டவைத்து, நனைந்ததும் பாட்டிலில் பிழியலாம்.

புறாவும் மற்ற தானியம் தின்னும் பறவைகளும் காலையும் மாலையும் தண்ணீருக்கு வரும். கூட்டமாக ஒரே திசையில் தாழப் பறந்தால் அந்தத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். வல்லூறு, கழுகு போன்றவை இரையின் ரத்தத்திலிருந்தே ஈரம் எடுத்துக்கொள்ளும், அவற்றின் பின்னால் போகாதீர்கள்.

கோடையில் வனத்துறை காட்டுக்குள் சிமெண்ட் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பும். தொட்டி கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டும் கிடைத்ததாக நினைக்காதீர்கள். அதை நிரப்ப வண்டி வரும் பாதை பக்கத்தில் இருக்கிறது, ஆட்கள் வருவார்கள். தண்ணீரை எடுத்துக்கொண்டு, தொட்டியைவிட்டு நன்றாகத் தள்ளி, அந்தப் பாதை கண்ணில் படும் இடத்தில் காத்திருங்கள்.

தண்ணீர்: மேல்மலையில்

இங்கே தண்ணீர் தேடுவது எளிது. புல்வெளி நடுவே மலை மடிப்புகளில் மட்டும் அடர்ந்து கிடக்கும் சோலைகள் மழை நீரை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சோலையின் கீழ் நுனிக்குப் போனால் பெரும்பாலும் ஓர் ஓடை தொடங்கும். உள்ளே நுழைய வேண்டாம், நுனியிலேயே எடுங்கள். சோலைக்குள் காட்டுமாடு நின்றால் அடுத்த அடி வைக்கும்வரை தெரியாது. பேசிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ நெருங்குங்கள்.

விடியற்காலையில் புல்லெல்லாம் பனி கோத்திருக்கும். கணுக்காலில் துண்டைக் கட்டிக்கொண்டு புல்லில் நடந்து பிழிந்தால் கணிசமாகக் கிடைக்கும். மழை பெய்தால் விரித்த பிளாஸ்டிக்கில் பிடித்துக் குடியுங்கள். காட்டில் கிடைப்பதிலேயே சுத்தமான தண்ணீர் அதுதான்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடை கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள். பூச்சிமருந்து கொதிக்க வைத்தாலும் போகாது. தோட்டம் வரை வந்துவிட்டீர்கள் என்றால் ஓடையை விட்டுவிட்டு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளைத் தேடிப் போங்கள், அங்கே ஆட்களும் குழாயும் இருக்கும்.

நம்பக்கூடாத தண்ணீர்

கள்ளியை வெட்டினால் தண்ணீர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அமெரிக்கப் பாலைவனத்துக் கள்ளியைப் பற்றிய பேச்சு, நம் காட்டின் சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியும் வேறு குடும்பம். அவற்றின் பால் நஞ்சு, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிறுநீர், கடல்நீர் இரண்டும் உடம்பை இன்னும் வறளச் செய்யும். பச்சைக் கிளையைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வெயிலில் விட்டால் உள்ளே நீர் கோக்கும் என்பது உண்மை, ஆனால் நாள் முழுக்க விட்டாலும் சில வாய்தான் தேறும். வேறு வழி இல்லாதபோது அரளி போன்ற நச்சுச் செடிகளைத் தவிர்த்துக் கட்டி வையுங்கள். செத்த விலங்கு கிடக்கும் குட்டையைவிட்டு விலகுங்கள்.

குடிக்கும் முன்

முதலில் தெளிய விடுங்கள், பிறகு வடிகட்டுங்கள். பழைய பருத்தித் துணியை நாலைந்து மடிப்பாக மடித்து ஊற்றுங்கள். வங்கதேசக் கிராமங்களில் இப்படிப் பழைய சேலைத் துணியில் வடிகட்டிக் குடித்தபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மண், புழு, மிதக்கும் சிறு உயிரிகள் நிற்கும். தனியாக மிதக்கும் கிருமி நிற்காது, அதனால் இதோடு நிறுத்தக் கூடாது.

கலங்கலைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையை இழைப்பது பழைய வழக்கம். வறண்ட காட்டில் அந்த மரம் உண்டு. ஆனால் அதன் பங்காளியான எட்டி மரமும் அதே காட்டில் நிற்கும், எட்டிக் கொட்டை கொடிய விஷம். இரண்டையும் ஐயமில்லாமல் பிரித்தறியத் தெரியாதவர்கள் காட்டில் கொட்டை பொறுக்க வேண்டாம்.

நுரைத்துக் கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விட்டால் கிருமிகள் சாகும். பாத்திரம் இல்லையென்றால் ஒற்றைச் சுவர் எஃகு பாட்டிலை மூடியைத் திறந்து தணலில் வைக்கலாம். வெந்நீர் ஃபிளாஸ்கை வைக்காதீர்கள், இரட்டைச் சுவருக்கு நடுவே அழுத்தம் ஏறி வெடிக்கும். பச்சை மூங்கிலின் ஒரு கணுவைப் பாத்திரமாக்கி அதிலேயே காய்ச்சலாம்.

தீ மூட்ட முடியாவிட்டால் வெயிலைப் பயன்படுத்துங்கள். நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, படுக்கவைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் விடுங்கள். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். பாட்டில் இரண்டு லிட்டருக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. குளோரின் மாத்திரை இருந்தால் உறையில் சொன்ன அளவு போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். இது எதுவும் முடியாமல், ஒருவர் வறண்டு மயங்கும் நிலைக்கு வந்துவிட்டால், வடிகட்டிய ஓடை நீரை அப்படியே கொடுங்கள். வயிற்றுக் கிருமி வேலையைக் காட்ட பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளாகும், அதற்கு மருந்தும் உண்டு. வறட்சி அவ்வளவு நேரம் தராது.

தீயும் சமிக்ஞையும்

தீ மூட்டினால் சூடு, வெந்நீர், புகை மூன்றும் கிடைக்கும். ஆனால் பிப்ரவரியிலிருந்து மே வரை காய்ந்த புல்லுக்கும் சருகுக்கும் பக்கத்தில் மூட்டவே மூட்டாதீர்கள். பகலில் ஓடை மணலிலோ வெறும் பாறையிலோ, சுற்றிலும் இரண்டு மீட்டர் சருகை ஒதுக்கிவிட்டுச் சின்னதாக மூட்டலாம். காற்று வேகமாக அடித்தால் அதுவும் வேண்டாம். தணலில் ஈர இலையைப் போட்டால் வெள்ளைப் புகை எழும்பும். கிளம்பும்போது நீரும் மண்ணும் போட்டு, கை வைத்தால் சுடாத அளவுக்கு அணையுங்கள். யானை தீயைக் கண்டால் ஓடிவிடும் என்று நம்பிப் படுக்காதீர்கள்.

விசில் இருந்தால் மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்திக் காது கொடுங்கள். மறுபடி மூன்று. கத்தினால் சீக்கிரம் தொண்டை வறண்டுவிடும். மறுநாள் காலையில் பளிச்சென்ற நிறத் துணியைத் திறந்த பாறையில் விரியுங்கள். இடம் மாறியே ஆக வேண்டுமென்றால், போகும் திசையையும் நேரத்தையும் எழுதிக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்தே போங்கள். தேடி வருபவர்களுக்கு ஒரே ஒரு குழுவைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

கீழே வந்த பிறகு

வந்ததும் ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிக்காமல், ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நீங்களாகவே வழி கண்டுபிடித்து இறங்கிவிட்டால் உடனே வனச்சரக அலுவலகத்துக்கோ 112-க்கோ சொல்லுங்கள், உங்களைத் தேடி இன்னும் சிலர் இருட்டில் நடந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்த ஒரு மாதம் காய்ச்சலைக் கவனியுங்கள். ஓடை நீரில் நனைந்ததால் எலிக்காய்ச்சல் வரலாம், 2 நாளிலிருந்து 30 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் அது வெளிப்படும். புதரிலும் சருகிலும் படுத்ததால் ஸ்க்ரப் டைபஸ் வரலாம். சிறிய பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்து உண்டு, தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு நாலு நாள் தள்ளாமல் மருத்துவரிடம் போய், காட்டில் படுத்ததையும் ஓடைத் தண்ணீர் குடித்ததையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.